டெங்கு குருதி ஆய்வுகள்: வேலூர் முதல் சென்னை வரை

டெங்கு என்பது ஏடிஸ் வகைக் கொசுக்கள் பரப்பும் வைரஸ் காய்ச்சல் ஆகும். இவ்வைரஸில் நான்கு வகைகள் உண்டு. தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தோன்றுவதில்லை, அல்லது இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடுகிறது. ஆயினும் அவர்களின் குருதியில் எதிர்ப்பொருள் எனப்படும் தற்காப்புப் புரதம் பல்லாண்டுகள் தங்கியிருக்கும். ஆகவே ஓர் ஊரில் டெங்கு எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை மருத்துவமனைப் பதிவேட்டைக் கொண்டு அறிய இயலாது. நலமாக நடமாடும் மக்களின் குருதியைச் சோதித்தே அறிய வேண்டும்.

குருதிச் சோதனை இல்லாத காலத்து வரலாறு குழப்பமானது. 1780இல் சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக நூல்கள் குறிப்பிடுகின்றன. அது டெங்குதானா, அல்லது மூட்டுகளை முடக்கும் சிக்குன்குனியாவா என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய பதிவுகளில் டெங்கு எனப்பட்ட சில கொள்ளைநோய்கள் உண்மையில் சிக்குன்குனியாவாக இருக்கலாம் என 1971இல் எழுதியவர் டொனால்ட் கேரி. அவர் வேலூரில் பணியாற்றியவர் என்பது தற்செயல் அன்று. 1964இல் சிக்குன்குனியா பரவியபோது, அதே வேலூரில் டெங்குவும் இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆய்வகமே அதைச் செய்தது.

டெங்கு வைரஸ் முதன்முதலில் 1943இல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் குருதியிலிருந்து ஆல்பர்ட் சேபின் அதைப் பிரித்தார். வேலூரில் 1956 முதல் இவ்வைரஸ் கண்டறியப்பட்டது. 1960களின் முடிவுக்குள் நான்கு வகைகளுமே அவ்வூரில் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டன. ஒரு சிக்கல் இருந்தது. 1955இல் வேலூர் வட்டாரத்தில் அறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸ் டெங்குவின் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் மற்றதன் சோதனையிலும் தலைகாட்டும். இன்றைய எலிசா சோதனைகளிலும் இக்குறை முழுதாக நீங்கவில்லை.

இன்று காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் என்எஸ்1 என்னும் வைரஸ் புரதத்தையும், அதன்பின் ஐஜிஎம் எதிர்ப்பொருளையும் தேடுகின்றனர். பழைய தொற்றைக் காட்டுவது ஐஜிஜி. சமுதாய ஆய்வுக்கு உதவுவது இதுவே.

2011இல் சென்னை மாநகரின் 50 இடங்களில் 5 முதல் 40 வயது வரையிலான 1,010 பேரிடம் அத்தகைய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. 93 விழுக்காட்டினரின் குருதியில் டெங்கு தொற்றிய தடயம் இருந்தது. தமக்கு டெங்கு வந்ததாகச் சொன்னவர்களோ ஒரு விழுக்காட்டினர் மட்டுமே. அதுவரை தொற்றாதவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 23 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்படுவதாகவும் கணக்கிடப்பட்டது. தென்கிழக்காசியாவின் பெயர்பெற்ற டெங்கு நகரங்களைவிட இது அதிகம்.

காரணங்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குழாயில் எப்போதாவது நீர் வரும் தெருவில் குடமும் டிரம்மும் சிமெண்டுத் தொட்டியும் நிரம்பியே இருக்கும். மூடாத தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் ஏடிஸ் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும். இக்கொசு பகலில் கடிப்பதால் இரவு கொசுவலை அவ்வளவாகப் பயன்படாது. 2017–18இல் 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் நடந்த தேசிய ஆய்வில் நகர்ப்புறத்தில் 70.9, ஊரகத்தில் 42.3 விழுக்காட்டினரிடம் பழைய தொற்று காணப்பட்டது. தென்னிந்தியாவில் இது 76.9. வடகிழக்கில் வெறும் 5.

இவ்வெண்கள் ஏட்டுக்கணக்கு அல்ல. ஒரு வகை டெங்கு வந்து குணமானவருக்கு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதை 1960களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் முதலானோர் கண்டனர். 2016இல் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிச் சிறாருக்கு முதல் டெங்கு தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. குருதிச் சோதனை செய்யாமலே 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது செலுத்தப்பட்டது. முன்பு டெங்கு வராதவருக்கு அவ்வூசி முதல் தொற்றைப் போலச் செயல்பட்டு, பின்னர் வரும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் அச்சம் பிற தடுப்பூசிகள் மீதும் படர்ந்தது.

2018இல் உலக சுகாதார நிறுவனம், இவ்வூசிக்கு முன் ஒவ்வொருவரின் குருதியையும் சோதிப்பதே விரும்பத்தக்கது என்றது. ஊரின் சராசரி ஒரு பிள்ளையின் குருதியைப் பற்றி எதுவும் சொல்லிவிடாது. இந்தியாவின் தேசிய ஆய்வில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் பழைய தொற்று இருந்தவர்கள் 28.3 விழுக்காட்டினர். எஞ்சிய 71.7 விழுக்காட்டினருக்கு டெங்கு அதுவரை வந்திருக்கவில்லை.