பதின்மூன்று வயதில் ஒரு தங்கம்



இன்று கொஞ்சம் விளையாட்டு வரலாறு. பத்து மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று மாடி உயரம். அங்கிருந்து குதித்தால் ஒன்றரை நொடிக்குள் தண்ணீர் வந்துவிடும். அப்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் குட்டிக்கரணங்களை முடித்து, தண்ணீர் தெறிக்காமல் ஊசிபோல் இறங்க வேண்டும். இதுதான் பிளாட்பார்ம் டைவிங்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் தங்கம் வென்றவள் சீனாவின் ஃபு மிங்சியா. வயது 13! அவள் எடுத்தது 461.43 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 411.63. கிட்டத்தட்ட 50 புள்ளி வித்தியாசம்.

வூஹான் நகரில் 1978இல் பிறந்தவள். முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ், பிறகு டைவிங். ஒன்பது வயதில் பயிற்சிக்காக வீட்டை விட்டு பெய்ஜிங் சென்றாள். 1991இல் பெர்த் நகரில் உலக சாம்பியன் ஆனபோது வயது 12தான்.

ஏன் இவ்வளவு சிறு பிள்ளைகள்? சிறிய, ஒல்லியான உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும். வளர வளர சுழற்சி மாறும்; பழகிய கணக்கையெல்லாம் மறுபடி கற்க வேண்டும். அதனால்தான் பயிற்சியாளர்கள் சின்ன வயதிலேயே தேடிப் பிடிக்கிறார்கள்.

பெர்த் வெற்றிக்குப் பின் ஒரு விதி வந்தது. ஒலிம்பிக் நடக்கும் ஆண்டுக்குள் 14 வயது நிறைய வேண்டும். மிங்சியாவுக்கு ஆகஸ்டில் பிறந்தநாள் என்பதால் பார்சிலோனாவில் இடம் கிடைத்தது.

1996 அட்லாண்டாவில் பிளாட்பார்ம், ஸ்பிரிங்போர்டு இரண்டிலும் தங்கம். 1960க்குப் பிறகு இந்த இரட்டை வெற்றியைப் பெற்ற முதல் பெண். அதோடு ஓய்வு பெற்று, சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கப் போனார். (வளர்ந்த பெண்ணை இனி 'அவர்' என்பதுதானே முறை!) படிக்கும் காலத்தில் மீண்டும் குளத்துக்கு வந்தார். 2000 சிட்னியில் ஸ்பிரிங்போர்டில் நான்காவது தங்கம்.

எனக்கு அந்த நான்காவது தங்கம்தான் பெரிது. ஒன்பது வயதுப் பிள்ளையின் பாதையைப் பெரியவர்கள்தான் தீர்மானிப்பார்கள். 22 வயதில் திரும்பி வருவது வேறு விஷயம்.

2021 டோக்கியோவில் இதே கதை திரும்பியது. 14 வயது குவான் ஹோங்சான் 466.20 புள்ளிகளுடன் பிளாட்பார்ம் தங்கம் வென்றாள். ஐந்து பாய்ச்சல்களில் இரண்டுக்கு, ஏழு நடுவர்களும் பத்துக்குப் பத்து! கொரோனாவால் போட்டி ஓராண்டு தள்ளிப்போகாமல் இருந்திருந்தால், வயது விதிப்படி அவள் கலந்துகொண்டிருக்கவே முடியாது. வென்ற பிறகு அவள் சொன்னது, அம்மாவின் வைத்தியத்துக்குப் பணம் சம்பாதிக்க வேண்டும் என்பது. கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். எனக்கோ, அந்தச் சின்னத் தோளில் இவ்வளவு பாரமா என்று மனம் கனத்தது. 2024 பாரிஸில் 17 வயதில், வளர்ந்த உடம்போடு மறுபடி அதே தங்கத்தை வென்றாள். அந்த உழைப்புக்கு ஒரு வணக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். விதி சொல்வது எந்த வயதில் மேடை ஏறலாம் என்பதை மட்டும். எந்த வயதில் வீட்டை விட்டுப் போகலாம் என்று அது சொல்லவில்லை. அதைப் பெற்றோர்தான் யோசிக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று அப்பா, அம்மா. பிள்ளையை நீச்சலோ, செஸ்ஸோ, பாட்டோ, எதில் வேண்டுமானாலும் சேருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, "இன்னும் பிடிக்கிறதா கண்ணு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

வாழ்க வளமுடன்.