அட்மிரல் தஹிலியானியும் கடற்படையின் விமானப் பிரிவும்

1984 நவம்பர் 30 அன்று அட்மிரல் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா விமானத்தளம் தொடங்கப்பட்ட 1953 மே 11-ஆம் தேதியையே கடற்படையின் விமானப் பிரிவு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அதிலிருந்து 31 ஆண்டுகள் கழித்துத்தான் விமானி ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அவருக்கு முன்பு அங்கே அமர்ந்த இந்தியர்கள் பீரங்கி, திசைகாணல், செய்தித்தொடர்பு போன்ற கப்பல் துறைகளில் தேர்ந்தவர்கள். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நடுக்கடலில் அசையும் தளத்தில் விமானத்தை இறக்கிய அனுபவம் அவர்களில் எவருக்கும் கிடையாது.

தஹிலியானிக்கு அது இருந்தது. அதுவும் முதல் ஆளாக. 1961 மே 18 அன்று விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட் விமானம் இறங்கியது. ஸீ ஹாக் என்னும் அந்த ஒற்றை இருக்கைப் போர்விமானத்தை ஓட்டிவந்தவர் லெப்டினன்ட் தஹிலியானி. அப்போது அவருக்கு வயது 31. விக்ராந்த் பெல்ஃபாஸ்ட்டில் இந்தியக் கொடியேற்றி இரண்டரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தத் தரையிறக்கம் எப்படி நடக்கிறது என்பதை இளைய தலைமுறைக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விக்ராந்தின் மொத்த நீளமே ஏறத்தாழ 700 அடி. அதில் விமானம் இறங்கக் கிடைப்பது இடப்பக்கம் சாய்த்துப் போடப்பட்ட ஒரு பகுதி மட்டுமே. கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி வேகம் எடுக்கும். தளத்தின் ஓரத்தில் உள்ள கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, தான் உயரத்தில் வருகிறோமா தாழ்வாக வருகிறோமா என்பதை விமானி கணிப்பார். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பிகளில் ஒன்றைப் பற்ற வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினின் விசையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறார்! கொக்கி தவறினால் தளத்தின் விளிம்பைத் தாண்டி மீண்டும் வானில் எழ அந்த விசை வேண்டும். கம்பி பிடித்துக்கொண்டால் சில நொடிகளில் விமானம் நின்றுவிடும். கடல் கொந்தளித்தால் தளமும் ஏறி இறங்கும். இருட்டிலும் மழையிலும் இதே வேலைதான்.

அந்த ஸீ ஹாக்குகளுக்குத் தமிழ்நாட்டோடு ஒரு சொந்தம் உண்டு. நம்மவர்களிலேயே பலர் இதை அறிந்திருக்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்களுக்குக் கரையிலும் ஒரு நிலையம் வேண்டும். அந்த நிலையம் முதலில் அமைந்தது கோயம்புத்தூர் அருகிலுள்ள சூலூரில். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய விமானத்தளம் அது. 1961 செப்டம்பர் 5 அன்று ஐ.என்.எஸ். ஹன்சா அங்கேதான் தொடங்கப்பட்டது. நவம்பர் 3 அன்று விக்ராந்த் பம்பாய் வந்து சேர்ந்தது. டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. 1964-இல் ஹன்சா அங்குள்ள டபோலிமுக்கு இடம் மாறியது. ஹன்சா என்றதும் கோவாவை மட்டும் நினைப்பவர்கள் சூலூரையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1971 போரில் இதே ஸீ ஹாக்குகள் விக்ராந்திலிருந்து எழும்பிக் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. பத்தாண்டுகளுக்கு முன் ஓர் இளம் லெப்டினன்ட் தொடங்கிவைத்த பழக்கம் போர்க்களத்தில் பயன் தந்தது. பின்னாளில் தஹிலியானி விக்ராந்துக்கே கேப்டனானார். விமானியாக இறங்கிய தளத்தைக் கப்பல் தலைவனாக நடத்துவது எளிதல்ல. மேலே ஒருவன் எரிபொருள் குறைந்து வட்டமிடும்போது கப்பலை எந்தப் பக்கம், எவ்வளவு சீக்கிரம் திருப்ப வேண்டும் என்பது இரண்டு வேலையும் தெரிந்தவருக்கே துல்லியமாகப் புரியும்.

தலைமைத் தளபதியாக அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் என் கணிப்பில் முதலிடம் பெறுவது விராட் கப்பலின் வருகை. நம்மிடம் இருந்தது ஒரே ஒரு விமானந்தாங்கி. அது பழுதுபார்ப்புக்குப் போனால் விமானிகள் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். 1979 முதல் 1982 தொடக்கம்வரை அப்படித்தான் ஆயிற்று. ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் கொடிக்கப்பலாக இருந்த ஹெர்மிஸை இந்தியா 1986-இல் வாங்கியது. 1987 மே 12 அன்று அது விராட் என்ற பெயரில் நம் கொடியை ஏற்றியது. முன்னவர் அட்மிரல் டாசன் காலத்தில் வந்திருந்த ஸீ ஹாரியர் போர்விமானங்களுக்கு இன்னொரு தளம் கிடைத்தது. இந்தப் பெருமையை ஒருவருக்கே உரியதாக்குவது முறையல்ல. அரசின் முடிவும் பலருடைய உழைப்பும் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும், பழைய கப்பல் என்று ஒதுக்காமல், இரண்டாவது தளத்தின் அருமை தெரிந்த ஒருவர் அப்போது தலைமையில் இருந்தது கடற்படையின் நல்லகாலம். விராட் 2017 மார்ச் 6 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், நமக்காக ஓடியது.

அவர் பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில் இலங்கைக்கு அமைதிப்படை சென்றது. வீரர்களைக் கொண்டுசேர்த்ததும் பாக் நீரிணையைக் காவல் காத்ததும் கடற்படைதான். அந்த நடவடிக்கையின் காயங்கள் இரு கரைகளிலும் இன்னும் ஆறவில்லை. அதை ஒரு சாதனையாக இங்கே பட்டியலிட எனக்கு மனம் வரவில்லை.

1987 நவம்பர் 30 அன்று ஓய்வு பெற்றார். 1990 முதல் 1994 வரை சிக்கிம் ஆளுநர். பின்னர் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் இந்தியக் கிளைக்குத் தலைவராகி ஊழலுக்கு எதிராகப் பேசினார். சீருடையைக் கழற்றியபின் பலரும் அமைதியாக ஒதுங்கும் வயதில் அவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப்படுகிறது. 2015 அக்டோபரில் காலமானார்.

அவர் திறந்த வழியில் பின்னர் அருண் பிரகாஷ், சுரீஷ் மேத்தா ஆகிய விமானிகளும், 2019-இல் ஹெலிகாப்டர் விமானியான கரம்பீர் சிங்கும் தலைமைத் தளபதிகளாயினர். சூலூரில் தொடங்கிய தமிழ்நாட்டுச் சொந்தமும் தொடர்ந்தது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளியைத் தொடங்கிவைத்தார். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. கடற்படை விமானங்களின் இரு பெரும் கூடுகள் இன்று தமிழ் மண்ணில்.

இம்மலரைப் படிக்கும் முன்னாள் கடற்படையினருக்கு ஒரு வேண்டுகோள். சூலூர் நாட்களை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். விக்ராந்தின் தளத்தில் கம்பி பூட்டியவர்கள், எஞ்சின் பழுது பார்த்தவர்கள், எரிபொருள் நிரப்பியவர்கள் எல்லோருடைய நினைவுகளும் இந்த வரலாற்றின் பகுதிகள். உங்களிடம் உள்ள புகைப்படங்களையும் பதிவேடுகளையும் எடுத்துவைத்து, பெயர், ஆண்டு, இடம் குறித்து, தமிழிலேயே எழுதித் தாருங்கள். அடுத்த மலரில் அவற்றுக்கு முதல் இடம் தர வேண்டும்.