ஒரே அட்டை, இரண்டு இயக்கிகள்: லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பாதாளீசுவரர், பிரம்மபுரீசுவரர் கோயில்களின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கத்து ஊரான எண்ணாயிரத்தில், ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரியைப் பற்றிய கல்வெட்டும் உண்டு. இவற்றின் உயர்தெளிவுப் படங்களை ஒரே இடத்தில் காக்க, திண்டிவனத்தில் ஒரு சேமிப்புக் கணினியை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வட்டுகள். அவற்றை இணைக்க எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் சாஸ்2008 சில்லு பொருந்திய அட்டை. பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டுச் சந்தைக்கு வரும் அட்டைகளில் இது பேர்பெற்றது. மென்பொருளுக்கு ட்ரூநாஸ்.

ட்ரூநாஸ் என்று முடிவு செய்தவுடன் பாதை இரண்டாகப் பிரிகிறது. அதன் 'கோர்' பதிப்பு ஃப்ரீபிஎஸ்டியின் மேல் நிற்கிறது. 2022இல் வெளிவந்த 'ஸ்கேல்' பதிப்பு டெபியன் லினக்ஸின் மேல் நிற்கிறது. அட்டை அதே அட்டை, வட்டு அதே வட்டு. கோப்பு முறைமையான இசட்.எஃப்.எஸ்.கூட 2020இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் இரண்டு தளங்களுக்கும் ஒரே மூலநிரல்தான். அடியில் மாறுவது கர்னலும், அட்டையோடு பேசும் இயக்கியும். ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு துப்புரவான களம் எளிதில் கிடைப்பதில்லை.

வம்சம்

ஃப்ரீபிஎஸ்டியில் இந்த அட்டைக்கான இயக்கியின் பெயர் எம்.பி.எஸ். அது 9.0 பதிப்பில் அறிமுகமானது. அடுத்த தலைமுறையான 12 கிகாபிட் அட்டைகள் வந்தபோது எம்.பி.ஆர். என்ற தனி இயக்கி எழுதப்பட்டது. இரண்டும் இன்றும் தனித்தனிக் குடித்தனம்தான். லினக்ஸிலும் தொடக்கத்தில் எம்.பி.டி.2 சாஸ், எம்.பி.டி.3 சாஸ் என்று இரண்டு இயக்கிகள் இருந்தன. 4.4 கர்னலில் முதலாவது இரண்டாவதோடு சேர்க்கப்பட்டது. ஒரு தளம் பிரித்து வைத்ததை மற்றது ஒன்றாக்கியது.

இரண்டு முடிவுக்கும் நியாயம் உண்டு. பிரித்து வைத்தால் புது அட்டைக்காகச் செய்யும் திருத்தம் பழைய அட்டையைத் தொடாது. சேர்த்து வைத்தால் ஒரு முறை செய்த திருத்தம் இரு தலைமுறைக்கும் பயன்படும். ஆனால் சேர்த்து வைத்த நிரலிலிருந்து பழைய அட்டையை வெளியேற்றுவதும் எளிது. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் எம்.பி.டி.3 சாஸ் இயக்கி இருக்கிறது. ஆனால் சாஸ்2008இன் அடையாள எண் அதன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இயக்கி கணினியில் இருக்கும், அட்டையும் செருகப்பட்டிருக்கும், வட்டுகள் மட்டும் தோன்றா. பிழையைத் தேடுபவர் கம்பியைச் சந்தேகிக்கும் முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

வட்டில் இருக்கும் இயக்கி, வட்டைத் திறக்க வேண்டிய இயக்கி

வட்டைப் படிக்க இயக்கி வேண்டும். இயக்கியோ வட்டில் இருக்கிறது. இந்தச் சிக்கலை இரு தளங்களும் ஒரே இரவல் கையால் தீர்க்கின்றன: பயாஸ் அல்லது யூ.இ.எஃப்.ஐ. லினக்ஸில் கிரப் அதன் உதவியோடு கர்னலையும், தேவையான இயக்கிகள் கட்டிவைக்கப்பட்ட இனிட்ராம்எஃப்எஸ் பொதியையும் நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் லோடர் கர்னலைக் கொண்டுவருகிறது. எம்.பி.எஸ். இயக்கியோ 'ஜெனெரிக்' கர்னலுக்குள்ளேயே கலந்திருக்கிறது.

தவறு நேரும் இடத்திலும் ஒற்றுமை தெரிகிறது. டிராகட் போன்ற கருவிகள், பொதியின் எடையைக் குறைக்க, இந்தக் கணினிக்குத் தேவையான இயக்கிகளை மட்டும் அடைப்பதுண்டு. அந்த வட்டைக் கழற்றி வேறு அட்டை உள்ள கணினியில் மாட்டினால், லினக்ஸ் பாதியில் நின்று அவசரக் கட்டளைவரியைக் காட்டும். ஃப்ரீபிஎஸ்டியில், கர்னலை இளைக்க வைக்க விரும்பியவர் அமைப்புக் கோப்பிலிருந்து எம்.பி.எஸ். வரியை நீக்கியிருந்தால், 'மவுண்ட்ரூட்' என்ற கேள்வியோடு கணினி நிற்கும். இரண்டு நோய்க்கும் காரணம் ஒன்றே: இன்று தேவையில்லை என்று கழித்த பொருள் நாளை தேவைப்பட்டது.

நின்ற இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே. மவுண்ட்ரூட்டில் ஒரு கேள்விக்குறியைத் தட்டினால், கர்னல் கண்டுகொண்ட வட்டுகளின் பட்டியல் வரும். லினக்ஸின் அவசரவரியில் பிராக் அடைவிலுள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் படித்தால் அதே பட்டியல் கிடைக்கும். பட்டியலில் வட்டு இருந்தால் குற்றம் பெயரில். இல்லாவிட்டால் குற்றம் இயக்கியிலோ அதற்கும் கீழேயோ.

பெயர் மாறிய கதை

பெயர் என்றதும் இன்னொரு உறவு நினைவுக்கு வருகிறது. லினக்ஸில் முன்பு எச்.டி.ஏ. என்றிருந்த சாதாரண வட்டுகள், லிபாட்டா வந்தபின் எஸ்.டி.ஏ. ஆயின. ஃப்ரீபிஎஸ்டியில் ஏ.டி. என்றிருந்தவை 9.0இல் ஏ.டி.ஏ. ஆயின. இரு தளங்களும் ஒன்றையொன்று பின்பற்றாமலே ஒரே முடிவுக்கு வந்தன: விலை மலிந்த வட்டுகளையும், ஸ்கசிக்காக எழுதிய முதிர்ந்த அடுக்கின் வழியாகவே நடத்துவது. லினக்ஸில் அது ஸ்கசி நடு அடுக்கு. ஃப்ரீபிஎஸ்டியில் அது 1998இல் 3.0 பதிப்போடு வந்த கேம் அடுக்கு.

எட்டு வட்டு உள்ள கணினியில் எந்த வட்டுக்கு எந்தப் பெயர் என்பது உயிர்நாடியான கேள்வி. லினக்ஸ் பெயர்களை வந்த வரிசையில் கொடுத்துவிட்டு, வரிசை எண்ணாலும் இணைந்த பாதையாலும் மாற்றுப்பெயர்களை யூடெவ் மூலம் உண்டாக்குகிறது. ஃப்ரீபிஎஸ்டி, டிவைஸ்.ஹின்ட்ஸ் கோப்பில் இந்த அட்டையின் இந்த இலக்கு எண்ணுக்கு இந்தப் பெயர் என்று முன்கூட்டியே கட்டிப்போட இடம் தருகிறது. ஒன்று பெயரை மாறவிட்டு அடையாளத்தைக் காக்கிறது. மற்றது பெயரையே அடையாளமாக நிறுத்துகிறது. பழுதான வட்டைக் கழற்றப் போகிறவர் எந்தத் தளமானாலும் வட்டின் மேல் ஒட்டிய வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அமைப்பை எப்போது மாற்றுவது

இரு இயக்கிகளிலும் ஏறக்குறைய ஒரே திருகுகள் உள்ளன. குறுக்கீட்டுச் சமிக்ஞை ஒழுங்காக வராத பழைய மதர்போர்டில், எம்.எஸ்.ஐ.-எக்ஸ் முறையை நிறுத்திவைக்க இரண்டிலும் ஓர் அமைப்பு உண்டு. வேறுபாடு, அந்த அமைப்பு எப்போது படிக்கப்படுகிறது என்பதில்.

ஃப்ரீபிஎஸ்டியில் லோடர்.கான்ஃப் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு பூட்டிலும் லோடர் அதை நேரடியாகப் படிக்கிறது. லினக்ஸில் மோட்ப்ரோப்.டி அடைவில் எழுதிய வரி, இயக்கி இனிட்ராம்எஃப்எஸ் பொதிக்குள்ளிருந்து ஏறும்போது எடுபடுவதில்லை. பொதிக்குள் இருப்பது பழைய நகல். பொதியை மறுபடி கட்டிய பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும். கோப்பில் வரி சரியாக இருக்கிறது, மறுதொடக்கமும் ஆயிற்று, பயன் மட்டும் இல்லை என்று தவிப்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் தராசின் மறுதட்டும் கனமானதே. லினக்ஸில் இயக்கி தனி மாட்யூலாக இருப்பதால், இயங்குதளம் வேறு வட்டில் இருக்கும் கணினியில், மறுதொடக்கமே இல்லாமல் இயக்கியை இறக்கிப் புதிய அமைப்போடு ஏற்ற முடியும். கர்னலோடு கலந்துவிட்ட ஃப்ரீபிஎஸ்டி இயக்கியை அப்படி இறக்க வழியில்லை. பூட்டுக்குப் பூட்டு தெளிவு ஒரு பக்கம். ஓடும்போதே சோதிக்கும் வசதி மறுபக்கம்.

பதில் வராத வட்டு

ஒரு வட்டு கட்டளையை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கிறது. லினக்ஸ் 30 விநாடி காத்திருக்கும், ஃப்ரீபிஎஸ்டி 60 விநாடி. மேசைக் கணினிக்கென விற்கப்படும் வட்டுகளில் சில, படிக்க முடியாத ஒரு துண்டோடு அரை நிமிடத்துக்கும் மேல் போராடும். அதே வட்டு லினக்ஸில் காலக்கெடு தாண்டிய குற்றவாளியாகவும், ஃப்ரீபிஎஸ்டியில் வெறும் மந்தமான வட்டாகவும் தெரிவதற்கு இந்த 30 விநாடி இடைவெளியே காரணமாகலாம். வட்டு ஏற்றுக்கொண்டால், ஸ்மார்ட்சிடிஎல் வழியாக அதன் போராட்டத்தை 7 விநாடிக்குள் முடிக்கச் சொல்வது இரண்டு தளங்களுக்கும் பொதுவான மருந்து.

காலக்கெடு தாண்டிய பின் யார் பொறுப்பேற்பது என்பதில்தான் இரு தளங்களின் சிந்தனை முற்றாகப் பிரிகிறது. லினக்ஸில் மீட்புப் பணி நடு அடுக்குக்கு உரியது. கட்டளையைக் கைவிடு, வட்டை மீட்டமை, பிறகு இலக்கு, பிறகு பஸ், கடைசியில் அட்டை என்ற படிவரிசையை அது நடத்துகிறது. இயக்கி தனக்குரிய படிகளைச் செய்து கொடுக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கேம் அடுக்கு இந்தப் பொறுப்பை இயக்கியிடமே விட்டுவிடுகிறது. எம்.பி.எஸ். தானே கட்டளையைக் கைவிட்டுப் பார்க்கிறது, வட்டை மீட்டமைக்கிறது, எதுவும் பலிக்காவிட்டால் அட்டையை முதலிலிருந்து தொடங்குகிறது.

படிகள் ஏறத்தாழ ஒன்றே, விளைவு வேறு. லினக்ஸின் மீட்பு இழை வேலை செய்யும்போது அந்த அட்டையின் எல்லா வட்டுகளும் காத்திருக்க நேரும். ஒரு வட்டின் நோய்க்கு ஏழு வட்டுகள் பட்டினி. எம்.பி.எஸ். கூடியவரை நோயுற்ற வட்டின் வரிசையை மட்டும் நிறுத்தப் பார்க்கிறது. அதே சமயம், லினக்ஸில் எந்த நிறுவனத்தின் அட்டையானாலும் மீட்பு ஒரே ஒழுங்கில் நடக்கும். ஒன்றைக் கற்றவர் எல்லாவற்றையும் கற்றவர். ஃப்ரீபிஎஸ்டியில் மீட்பின் தரம் அந்தந்த இயக்கியை எழுதியவரின் கைத்திறனைப் பொறுத்தது.

பதிவுகளைத் திறப்பது

இரு இயக்கிகளும் பிழைப்பதிவின் அளவை ஓர் எண்ணால் கட்டுப்படுத்துகின்றன. எண்ணின் ஒவ்வொரு பிட்டும் ஒரு வகைச் செய்தியைத் திறக்கும். உருவம் ஒன்றாக இருப்பதால்தான் ஆபத்து. நிகழ்வுச் செய்திகளுக்கு எம்.பி.எஸ்.ஸில் 4, எம்.பி.டி.3 சாஸில் 8. ஒன்றின் எண்ணை மற்றதில் இட்டால் பிழை என்று சொல்லாது. வேறு செய்திகளைக் கொட்டும். இல்லாத செய்தியைத் தேடி நேரம் போகும்.

இயக்கிக்கு மேலுள்ள அடுக்கிலும் பதிவு வசதி உண்டு. லினக்ஸின் ஸ்கசி பதிவு, தேடல், வரிசையிடல், நிறைவு, காலக்கெடு என்று கட்டங்களாகப் பிரிகிறது. பத்துப் பிரிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிட். ஃப்ரீபிஎஸ்டியின் கேம்கன்ட்ரோல், குறிப்பிட்ட பஸ், இலக்கு, வட்டு என்று ஒன்றைத் தேர்ந்து அதை மட்டும் பின்தொடர்கிறது. ஒன்று எல்லா வட்டுகளிலும் ஒரு கட்டத்தைக் காட்டுகிறது; மற்றது ஒரு வட்டின் எல்லாக் கட்டங்களையும் காட்டுகிறது. ஒன்று குறுக்குவெட்டு, மற்றது நெடுக்குவெட்டு.

இரண்டுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு. பதிவுச் செய்தி வட்டில் எழுதப்படுகிறது. எழுதுவது ஒரு கட்டளை. கட்டளை இன்னொரு பதிவை உண்டாக்குகிறது. சோதிக்கும் வட்டிலேயே பதிவை எழுதினால் கணினி தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு மூச்சுத்திணறும். ஆகவே பதிவை சீரியல் கன்சோலுக்கோ வேறொரு கணினிக்கோ அனுப்பிவிட்டுத்தான் பிட்டுகளைத் திறக்க வேண்டும்.

31080000

இனி இந்த ஒப்பீட்டின் மிகப் பெரிய வியப்பு. சாட்டா வட்டு ஒன்று படிக்கத் தவறும்போது எம்.பி.எஸ். பதிவில் 31080000 என்ற எண் வரும். லினக்ஸின் எம்.பி.டி.3 சாஸ் பதிவிலும் அதே 31080000 வரும். இருவேறு மரபில் எழுதப்பட்ட இயக்கிகள் ஒரே எண்ணைச் சொல்வதற்குக் காரணம், அதைச் சொல்வது இயக்கியே அல்ல. அட்டைக்குள் ஓடும் ஃபெர்ம்வேர். எம்.பி.எஸ். எண்ணை அப்படியே அச்சிடுகிறது. எம்.பி.டி.3 சாஸ், புறப்பட்ட இடம், குறியீடு, துணைக்குறியீடு என்று பிரித்துக் காட்டுகிறது.

அந்த எண் சொல்லும் செய்தி இது: சாட்டா வரிசையில் ஒரு கட்டளை தவறியது; ஆகவே அதோடு காத்திருந்த மற்றக் கட்டளைகளும் ரத்து. சாட்டா வட்டின் வரிசையில் 32 கட்டளை வரை நிற்கலாம். எனவே திரையை நிரப்பும் முப்பது வரிகளில் உண்மையான பிழை ஒன்றாக இருக்கலாம். மற்றவை அதன் எதிரொலிகள். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, ஸ்கசித் தரம் வகுத்த உணர்வுச் செய்தியைத் தேட வேண்டும். 'மீடியம் எரர்' என்ற அந்தச் செய்தியும் இரண்டு பதிவுகளிலும் அதே சொற்களில்தான் நிற்கும்.

இங்கே ஒப்பீடு ரசனையிலிருந்து கருவியாக மாறுகிறது. இரு தளங்களும் ஒரே ஃபெர்ம்வேரின் வாக்குமூலத்தைத்தான் பதிவு செய்கின்றன என்றால், ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். லினக்ஸில் பிழை வந்தால், ஃப்ரீபிஎஸ்டியை ஒரு யூ.எஸ்.பி. துண்டிலிருந்து பூட் செய்து, அதே வட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்க்கலாம். ஃப்ரீபிஎஸ்டியில் வந்தால் லினக்ஸை அப்படிப் பயன்படுத்தலாம். வட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை.

இரண்டிலும் ஒரே எண், ஒரே வட்டில் வந்தால் வட்டையும் கம்பியையும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டிலும் வந்து, வட்டுக்கு வட்டு தாவினால் மின்வழங்கியையும் அட்டையின் சூட்டையும் பார்க்க வேண்டும். சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட இந்தச் சில்லுக்கு, திண்டிவனத்துச் சித்திரை மாதத்தில் தனி விசிறி இல்லாமல் ஆகாது. ஒன்றில் மட்டும் வந்தால் முதலில் இயக்கியையும் அதன் காலக்கெடுவையும் ஃபெர்ம்வேர் பதிப்போடு அதற்குள்ள பொருத்தத்தையும் ஆராய வேண்டும்.

எந்தத் தளம் சிறந்தது என்று தீர்ப்பு எழுத இந்த ஆய்வு முற்படவில்லை. கல்வெட்டுப் படங்களைக் காக்கும் கணினிக்கு எதையும் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்துகொள்ளாத மற்றதை ஒரு யூ.எஸ்.பி. துண்டில் பதிந்து, அந்தக் கணினியின் மேலேயே ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பதே நம் பரிந்துரை.