தமிழ்க் கலைக்களஞ்சியங்கள்: ஊதியம், தொண்டு, நிதி

தமிழில் கலைக்களஞ்சியம் உருவான வரலாற்றை அறிஞர்களின் வரலாறாகவே படிக்கிறோம். அது பணத்தின் வரலாறும் ஆகும். தொகுத்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார், அச்சுச் செலவை ஏற்றது யார் என்ற இரண்டு கேள்விகளை வைத்து அதை இங்கே பார்ப்போம்.

தனி மனிதர் உழைப்பும் புரவலரும்

ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னைப் பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழாசிரியர். பள்ளி வேலை அவருக்குச் சோறு போட்டது. மிஞ்சிய நேரத்தில் பல ஆண்டுகள் செய்திகளைத் திரட்டி 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்தார். அந்த உழைப்புக்குக் கூலி கொடுத்தவர் எவருமில்லை. அச்சிட உதவி கேட்டுப் பலரை அணுகியும் பயன் கிட்டவில்லை. இறுதியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் 1910இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே தேவர் மறைந்தார். முதலியார் நூலை மேலும் விரிவாக்கிக்கொண்டே இருந்தார். 1931இல் அவரும் காலமானார். விரிவான இரண்டாம் பதிப்பு 1934இல்தான் வந்தது. அதை அவர் கண்ணால் காணவில்லை. ஒருவரின் ஆயுளையும் இன்னொருவரின் கொடையையும் மட்டுமே நம்பிய பணிக்கு இருந்த இடர் இதுதான்.

கழகமும் அலுவலகமும்

சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். கழகத்தின் முதற்பெரும் பணி 'கலைக்களஞ்சியம்'. அறிவியல், வரலாறு, மருத்துவம் என எல்லாத் துறைகளையும் தழுவும் நூலை மாலை நேர உழைப்பால் முடிக்க இயலாது. எனவே அதற்கெனத் தனி அலுவலகம் வேண்டியிருந்தது. ஆசிரியப் பணியில் இருந்த பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். கட்டுரைகளைக் கேட்டு வாங்குவது, கலைச்சொற்களை ஒருமைப்படுத்துவது, மெய்ப்புத் திருத்துவது எல்லாம் அன்றாட அலுவல்கள் ஆயின.

அரசு மானியமும் பொதுமக்கள் நன்கொடையும் செலவைத் தாங்கின. முதல் தொகுதி 1954இலும், இணைப்பான பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. பத்துத் தொகுதிகளும் இன்று இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் அச்சு நூலில் ஒரு செய்தி பழையதானால், அதைத் திருத்த மறுபடியும் நிதியும் ஆட்களும் வேண்டும்.

தன்னார்வலர் காலம்

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. கட்டுரை எழுதுவோர், திருத்துவோர், படம் சேர்ப்போர் எல்லாரும் தன்னார்வலர்கள். மாணவர், இல்லத்தரசியர், பொறியாளர், ஓய்வுபெற்ற என்போன்ற ஆசிரியர் என யாரும் எழுதலாம். பிழையை அன்றைக்கே திருத்தவும் முடிகிறது.

இதனால் இப்பணி செலவின்றி நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வழங்கிக் கணினிகளைப் பராமரிப்பவர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் விக்கிமீடியா அறக்கட்டளையில் ஊதியம் பெறுவோர். அந்த ஊதியம் பெரும்பாலும் வாசகர் தரும் சிறு நன்கொடைகளிலிருந்து வருகிறது. பணம் பெற்றுக்கொண்டு கட்டுரை எழுதுபவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அங்கு விதி.

கணக்கில் வராத உழைப்பு

மூன்று காலங்களிலும் ஊதியம், தொண்டு, நிதி மூன்றும் இருந்தன. சுமை மட்டும் தோள் மாறியது. முதலியார் காலத்தில் ஆசிரியரின் சம்பளமே தமிழுக்கு மறைமுக மானியமாயிற்று. இன்று ஓய்வூதியமும், வேறு வேலையின் வருமானமும், வீட்டார் விட்டுக்கொடுக்கும் நேரமும் அதே வேலையைச் செய்கின்றன.

கட்டடத்துக்கும் விழாவுக்கும் கொடையாளர் எளிதில் கிடைப்பர். மெய்ப்புத் திருத்துபவரின் மாதச் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. பண்பாட்டுச் சங்கம் நடத்துவோர் ஆண்டுக் கணக்கு எழுதும்போது, பணம் பெறாமல் உழைத்தவர்களின் மணி நேரங்களையும் ஒரு வரியில் குறித்து வைப்பது நல்லது. அந்த உழைப்பு நின்றுபோனால் எத்தனை பேரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டியிருக்கும் என்பது அப்போது தெரியும்.