கண்ணாடித் தொட்டியும் மன்னார்க் கடலும்

ஏழாயிரம் அடி உயரத்தில் வாழும் கொடைக்கானல் மக்களுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. பழனி மலையில் பிறக்கும் மஞ்சளாறு வைகையில் கலக்கிறது. வைகையின் வெள்ளநீர், கண்மாய்களை நிரப்பியது போக எஞ்சுமானால், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவை அடைகிறது. அங்கிருந்து சிறிது தொலைவிலேதான் மண்டபமும் குருசடைத் தீவும் உள்ளன. அத்தீவின் பவளப்பாறைகளுக்கு நேர்ந்த ஓர் இடரைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன். அதனை நன்கு விளங்கிக்கொள்ள, முதலில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் நோக்குவோம்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சுற்றுலா சென்று திரும்பிய மாணவர்கள் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி நிறையக் கடல்நீரும் நான்கைந்து சிறு மீன்களும் கொண்டுவந்து, வகுப்பறைச் சன்னலருகே வைத்தார்கள். நல்ல வெயில் படும் இடம் அது. அன்பு மிகுதியால் ஆளுக்கு ஒரு கை இரை போட்டார்கள். பத்து நாள்களில் சாடியின் சுவரெங்கும் பாசி படர்ந்தது. துடைத்தோம், மீண்டும் படர்ந்தது. இறுதியில் மீன்கள் மடிந்தன. பாசியைப் பகையென்று எண்ணினேனே தவிர, அதனை அழைத்து வந்தவை மிகுந்த வெயிலும் மிகுந்த இரையுமே என்பதை நான் அன்று உணரவில்லை.

இப்பிழையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறர் செய்து, பாடமும் கற்றிருந்தனர். இலண்டன் நகரத்து வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன் என்பார் நன்னீர்த் தொட்டியொன்றில் பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் வளர்த்தார். இலைகள் அழுகி நீர் கலங்கவே, அவர் நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலை உண்டன, நீர் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் சமநிலையே தொட்டியின் உயிர் என்பதை 1850ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

ஆயினும் கடல்நீர் பச்சையாகும் தொல்லை தீரவில்லை. வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிடு என்பவர், வெயில் பட்டுப் பச்சையான கடல்நீரை இருட்டில் வைத்தால் தெளிவடைவதைக் கண்டார். ஆகவே, 1871இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பேலஸ் காட்சிச்சாலையில், பெரியதோர் இருட்டு நீர்த்தேக்கத்தை அமைத்து, அதற்கும் தொட்டிகளுக்கும் இடையே நீர் ஓயாது சுழன்றோடச் செய்தார். நம் நாட்டிலும், சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் வகுத்த திட்டப்படி, 1909ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் வான்வழித் தாக்குதல் நேரும் என்னும் அச்சத்தால் 1942இல் அது மூடப்பட்டது.

பாசியையன்றி வேறு பகைகளும் தொட்டிக்குள் புகுவதுண்டு. எய்ப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, பவளக் கல்லோடு ஒளிந்து வந்து, தன் நச்சிழைகளால் பவளத்தைச் சுடும். அதனைக் கத்தியால் கீறி எடுத்தாலோ, கல்லில் ஒட்டிய துணுக்கிலிருந்து மீண்டும் முளைக்கும். ஒன்றை அழிக்கப் புகுந்தவன் பத்தைக் காண்பான்! ஆதலால் அறிந்தோர் அதனை உண்ணும் இறால் வகையைத் தொட்டியில் விடுவர். புதிதாக வந்த கல்லையும் மீனையும் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்ப்பர். காரணத்தை நீக்குதல், பாசியையும் பூச்சியையும் உண்ணும் உயிர்களைப் பேணுதல், புதிதாக வருவதை ஆராய்ந்து ஏற்றல் ஆகிய மூன்றுமே தொட்டி நமக்குக் கற்பித்த பாடங்கள்.

இவற்றை மறந்ததன் விளைவு 1984இல் மத்தியதரைக் கடலில் தெரிந்தது. காலெர்பா டாக்சிஃபோலியா என்னும் அழகிய பச்சைப் பாசி ஐரோப்பியக் காட்சிச்சாலைத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டு வந்தது. அது மொனாக்கோ நகரக் கடலாராய்ச்சிக் காட்சிச்சாலையின் அருகே, ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பில், கடலடியில் காணப்பட்டது. தொட்டியிலிருந்து தப்பிய பாசி! சிறு துணுக்கும் முழுச் செடியாகும் இயல்புடைய அது, நங்கூரங்களிலும் வலைகளிலும் ஒட்டிச் சென்று, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் பரவியது. பிற்காலத்தில் பல இடங்களில் அது தளர்ந்ததேனும், முற்றும் அழியவில்லை. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் உப்பங்கழியொன்றில் அதே பாசி தென்பட்டபோது, அங்குள்ளோர் காலம் தாழ்த்தாது, அதன்மேல் விரிப்புகளைப் போர்த்திக் குளோரினைச் செலுத்தினர். 2006இல் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. விரைந்து செயலாற்றியமையே அங்கு வெற்றி தந்தது.

இனி நம் கடலுக்கு வருவோம். அதே 1984ஆம் ஆண்டில், கப்பாஃபைகஸ் அல்வரேசி என்னும் கடற்பாசி ஜப்பானிலிருந்து ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தாயகம் பிலிப்பைன்ஸ் கடல். பனிக்கூழுக்கும் பற்பசைக்கும் வேண்டிய காரகீனன் என்னும் கூழ்ப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் வணிக வளர்ப்புத் தொடங்கியது. மீன்வளம் குன்றிய ஊர்களில் மீனவப் பெண்கள் பலருக்கு அது வருவாய் தந்தது. இஃது எளிதில் தள்ளத்தக்க நன்மையன்று.

ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றைக் கருதி, 2005இல் தமிழக அரசு அப்பாசி வளர்ப்பை, பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் உட்பட்டதாக வரையறுத்தது. ஆயினும் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் அது போர்வை போல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி ஒன்று வாழ்கிறது. அது கதிரொளியால் சமைக்கும் உணவே பவளத்தின் முதன்மை உணவு. மேலே போர்வை விழுந்தால் ஒளியில்லை, ஒளியில்லையேல் உணவில்லை. பாசியால் வாழும் பவளம் பாசியாலேயே மடிகிறது! ஆகவே பாசி இயல்பாகவே பகையன்று. இடமும் அளவும் தவறிய பாசியே பகை. கையால் பறித்து அகற்றினாலும், பாறையிடுக்கில் எஞ்சிய துணுக்கு மீண்டும் தழைக்கிறது. எங்கள் சாடியைத் துடைத்த கதையே அங்கும் நிகழ்கிறது. சாடியின் நீரை மாற்றிவிடலாம். கடலுக்கு மாற்று நீர் எங்கே உளது?

நம் மலையும் இத்துன்பத்தை அறியாததன்று. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம், நம் புல்வெளிகளை விழுங்கியதை நீங்கள் கண்ணாரக் காண்கிறீர்கள். கொண்டுவந்தோர் தீயவரல்லர், பயன் கருதியே கொண்டுவந்தனர். பயனை எண்ணியவர்கள் பரவுதலை எண்ணவில்லை. மன்னார்க் கடலிலேயே பிறந்த மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தருவன. அவற்றைப் போன்ற சொந்தப் பாசிகளை அளவறிந்து வளர்க்கும் வழியை நாடினால், உழைக்கும் பெண்களின் அடுப்பும் எரியும்; பவளமும் பிழைக்கும். அவ்வழியைக் காண்பது உங்கள் தலைமுறையின் பணியாகும்.

1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்பார் அணைகட்டி உண்டாக்கிய நம் ஏரியும் ஒரு பெரிய தொட்டியே. வீட்டில் வளர்த்துச் சலித்துப்போன மீனையோ நீர்ச்செடியையோ இரக்கத்தால் அதில் விட்டுவிட உங்களுக்குத் தோன்றலாம். அப்போது குருசடைத் தீவை நினைத்துக்கொள்ளுங்கள், கையை மடக்கிக்கொள்ளுங்கள்.