சிறகா, உந்துகணையா?



விண்வெளிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விமானம் மாதிரி ஓடுபாதையில் ஓடி அப்படியே விண்வெளிக்குப் போய்த் திரும்பி வர முடியாதா, ஐயா?" சிறுபிள்ளைக் கேள்வி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. இதனையொட்டிய ஒரு கனவுக்காக அமெரிக்கா முப்பது ஆண்டுகளையும் பதினான்கு உயிர்களையும் கொடுத்திருக்கிறது.

1972 ஜனவரியில் அதிபர் நிக்சன் விண்ணோடத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தார். அதுவரை ஒவ்வோர் உந்துகணையும் ஒரே பயணத்தோடு அழிந்தது. சிறகுள்ள கலம் தரையிறங்கி மீண்டும் பறந்தால், ஒரு பயணத்திற்கு அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 கோடி டாலரே ஆகும் எனக் கணக்கிட்டனர். 1981 ஏப்ரல் 12ஆம் நாள் கொலம்பியா பறந்தது. ஆனால், மிகுதியாகப் பறந்த 1985ஆம் ஆண்டிலும் 9 பயணங்கள்தாம் நிகழ்ந்தன. ஒரு பயணச் செலவு 45 கோடி டாலர் என நாசாவே கூறியது. மொத்தச் செலவை 135 பயணங்களுக்கும் பங்கிட்டால் அது 150 கோடியை எட்டும்.

ஏன் இப்படி? திரும்பி வந்த கலத்தின் வெப்பத் தடுப்பு ஓடுகள் 20,000க்கும் மேற்பட்டவற்றை ஆட்கள் சோதிக்க வேண்டியிருந்தது. இயந்திரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய எரிபொருள் கலன் ஒவ்வொரு முறையும் அழிந்தது. சிறகின் கதையோ இன்னும் வேடிக்கை. காற்றில்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. இறங்கும்போது மட்டும் விரிக்கப்போகும் குடையை மலையுச்சி வரை சுமப்பது போலத்தான். அச்சுமையால் சரக்கின் எடை குறைந்தது. 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா சிதைந்ததும் இடச்சிறகின் முன்விளிம்பில் ஏற்பட்ட ஓட்டையால்தான். கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். (1986இல் எழுவரைப் பலிகொண்ட சேலஞ்சர் விபத்துக்குக் காரணம் சிறகன்று, திட எரிபொருள் உந்துகணையின் இணைப்பு வளையம்.)

காற்றிலுள்ள உயிர்வளியையே உறிஞ்சிப் பறக்கும் விமானம் ஒன்றை 1986இல் அதிபர் ரீகன் அறிவித்தார். அது பறக்கவேயில்லை. சுற்றுப்பாதையை அடைய விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அடர்ந்த காற்றினூடே அவ்வேகத்தை எட்ட முயன்றால் கலம் பழுக்கக் காய்ந்துவிடும். மேலும், திரவ உயிர்வளி மலிவான பொருள். அதைச் சுமக்காமல் மிச்சப்படுத்துவது பெரிய மிச்சமன்று. விலை மிகுந்தவை இயந்திரங்களே.

2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 உந்துகணையின் கீழ்ப்பகுதி, சிறகின்றித் தன் இயந்திரத்தையே தடையாக்கி, நின்றவாறு தரையிறங்கியது. 2017 மார்ச்சில், முன்பே பறந்த கீழ்ப்பகுதி ஒன்று மீண்டும் பறந்தது. இன்று 30 முறைக்கும் மேல் பறந்த கீழ்ப்பகுதியும் உண்டு. பயண விலை ஏறத்தாழ 7 கோடி டாலர். மேற்பகுதி இன்னமும் வீணாகத்தான் போகிறது.

நம் நாட்டிற்கும் இதில் சிறு தொடர்புண்டு. 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாபார் விண்வெளி நிலையத்திற்குச் சென்றது சோயுஸ் என்னும் பழைய உந்துகணையில். 2009 ஜூலையில் நமது ரசாக்சாட் துணைக்கோளைச் சுமந்தது, அதே ஸ்பேஸ்எக்ஸின் சிறிய ஃபால்கன் 1. அவ்வகை உந்துகணையின் கடைசிப் பயணமும் அதுவே.

சிறகு அடியோடு மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் எக்ஸ்-37பி என்னும் ஆளில்லாச் சிறு விண்விமானம் 2010 முதல் சென்று திரும்புகிறது, இறங்குவது ஓடுபாதையில். ஏறுவது மட்டும் உந்துகணையின் தலையில் அமர்ந்து!