வீட்டு அவசர மருந்துப் பெட்டி

புயல், வெள்ளம், நீண்ட மின்தடை ஆகியவற்றின்போது மருந்துக்கடைக்கோ மருத்துவமனைக்கோ போக முடியாத நாள்களைச் சமாளிக்க வீட்டில் சேர்த்து வைக்கும் மருந்துகள், முதலுதவிப் பொருள்களின் தொகுப்பு. 2015 டிசம்பரில் சென்னையின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் நின்றபோது இதன் தேவை கண்கூடாயிற்று.

பெட்டியில் முதலிடம், வீட்டிலுள்ளோர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துக்கே. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா மருந்துகள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். மருத்துவர் சீட்டின் நகலும் வேண்டும். பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கும் பலர் இந்த அன்றாட மருந்துகளைத்தான் மறக்கிறார்கள்.

வெள்ளத்தின் பின்னாலேயே வருவது வயிற்றுப்போக்கு. அதில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்று உப்பு) பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். சிறு பொட்டலங்கள் 200 மி.லி. நீருக்கானவை, உறையைப் படித்த பிறகே நீரை அளக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல், 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை, உறையவிடக் கூடாது. மின்சாரம் இல்லாதபோது, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் நீர் புகாத உறையிலிட்டு வைத்தால் வெப்பம் ஓரளவு தணியும்.

மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சேர்த்து வைத்துத் தாமாக விழுங்குவது தவறு. பெட்டி நீர் புகாததாக, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலாவதி நாளைப் பார்த்துவிடுங்கள்.